சோழ வீரன் மிளகாய் தின்னலாமா?

வாசகர்களின் புத்தகக் கேள்விகளுக்கு, கோவில்பட்டிப் பக்கம் கிளை நூலகராக இருந்து ஓய்வுபெற்ற நம் நூலகர் அக்கா பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சரித்திர நாவல்களைப் பற்றியவை.

கேள்வி: படம் பார்த்த சூட்டோடு 'பொன்னியின் செல்வன்' ஐந்து பாகத்தையும் படித்து முடித்துவிட்டேன் அக்கா. இப்போது எதை எடுத்தாலும் மனசு ஒட்டவில்லை. அடுத்து என்ன படிக்கலாம்? யாரைக் கேட்டாலும் இன்னொரு சோழ ராஜா கதையையே நீட்டுகிறார்கள்.
– வங்கி ஊழியை, கரூர்

பதில்: எல்லாருக்கும் வருகிற நோய்தான், பயப்படாதீர்கள். கல்கி 1950 முதல் 1954 வரை வாராவாரம் எழுதிய தொடர் அது. அடுத்த வாரம் வரைக்கும் வாசகரைப் பிடித்து வைக்க வேண்டும் என்பதால் அத்தியாயத்துக்கு அத்தியாயம் ஒரு முடிச்சு போட்டு நிறுத்துவார். அந்தக் காலத்து ஜனங்கள் வருஷக்கணக்கில் காத்திருந்து படித்ததை நீங்கள் ஒரே மூச்சில் விழுங்கியிருக்கிறீர்கள். அதற்கப்புறம் எந்த நாவலும் முதல் ஐம்பது பக்கம் நொண்டத்தான் செய்யும். அந்த ஐம்பது பக்கத்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடுங்கள்.

சோழர்களை விட மனசில்லை என்றால் அதற்கும் வழி இருக்கிறது. அகிலனின் 'வேங்கையின் மைந்தன்' ராஜேந்திரன் காலத்துக் கதை, 1963-ல் சாகித்ய அகாடமி விருது வாங்கியது. பாலகுமாரனின் 'உடையார்' ஆறு பாகம், தஞ்சைப் பெரிய கோயில் எழும்புகிற கதை. புதிதாக வேண்டுமென்றால் அ. வெண்ணிலாவின் 'கங்காபுரம்'. அதுவும் ராஜேந்திரன்தான், ஆனால் அவன் ஜெயித்த ஊர்களை விட அவன் மனசைப் பார்க்கிற நாவல்.

சரி, என் ஆசையைச் சொல்கிறேன். உங்களை அரண்மனையை விட்டு வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும். பிரபஞ்சனின் 'மானுடம் வெல்லும்', அதைத் தொடர்ந்து 'வானம் வசப்படும்' இரண்டையும் எடுங்கள். இரண்டாவதற்கு 1995-ல் அகாடமி விருது கிடைத்தது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த காலம். துய்ப்ளே கவர்னர். அவருக்குத் துபாஷாக, அதாவது மொழிபெயர்ப்பாளராக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736-லிருந்து நாட்குறிப்பு எழுதிவந்தார். எந்தக் கப்பல் வந்தது, வரவேற்க எத்தனை பீரங்கி போட்டார்கள், யாருக்கு என்ன வெகுமானம், துணி வியாபாரத்தில் யார் யாரை ஏமாற்றினார்கள், யார் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்று மனுஷர் ஒன்றையும் விடவில்லை. 1761 ஜனவரியில் அவர் இறந்தார். அதே மாதம் புதுச்சேரி ஆங்கிலேயர் கைக்குப் போய்விட்டது. அந்தக் குறிப்புகளை வைத்துக்கொண்டுதான் பிரபஞ்சன் நாவலாக்கினார். ராஜாவும் வருவார், நவாபும் வருவார், ஆனால் கதை நடப்பது கிட்டங்கியிலும் திண்ணையிலும். நாவல் பிடித்துப்போனால், நாட்குறிப்பையே மு. ராஜேந்திரனும் அ. வெண்ணிலாவும் 12 தொகுதிகளாகப் பதிப்பித்திருக்கிறார்கள். அதை முழுக்க வாங்க வேண்டாம். மாவட்ட மைய நூலகத்தில் கேட்டுப் பாருங்கள்.

கேள்வி: ராஜராஜன் காலத்துப் படைவீரன் ஒருவனை வைத்து நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். அவன் சத்திரத்தில் உட்கார்ந்து மிளகாய்ப்பொடி தூவிய கிழங்கு வறுவலும் தக்காளி ரசமும் சாப்பிடுகிற காட்சியைப் படித்துவிட்டு நண்பன் விழுந்து விழுந்து சிரிக்கிறான். போர்க் காட்சியை எல்லாம் அவன் ஒன்றும் சொல்லவில்லை. அப்படி என்ன தப்பு?
– இளைஞர், தஞ்சாவூர்

பதில்: நண்பரை விட்டுவிடாதீர்கள், நல்ல வாசகர். ராஜராஜன் ஆண்டது 985-லிருந்து 1014 வரை. மிளகாயும் தக்காளியும் அமெரிக்கக் கண்டத்துச் சரக்கு. போர்த்துகீசியர் 1498-ல் கோழிக்கோட்டில் வந்து இறங்கிய பிறகுதான் இவையெல்லாம் நம் பக்கம் வர ஆரம்பித்தன. உங்கள் வறுவல் உருளைக்கிழங்காக இருந்தால் அதுவும் போச்சு. நிலக்கடலை, முந்திரி, கொய்யா, பப்பாளி, அன்னாசி, மக்காச்சோளம், புகையிலை எல்லாமே அந்தப் பட்டியலில்தான் வரும். சுருட்டு பிடிக்கிற ஒற்றன் யாராவது கதையில் இருந்தால் அவனையும் இப்போதே நிறுத்தச் சொல்லுங்கள்.

அப்போ வீரன் என்னதான் தின்பான்? தூரமாகப் போக வேண்டாம், உங்கள் ஊர்ப் பெரிய கோயில் சுவரிலேயே இருக்கிறது. சாமிக்குப் படைக்க வேண்டியதை அளவு போட்டு வெட்டி வைத்திருக்கிறார்கள்: அரிசி, நெய், பருப்பு, மிளகு, கடுகு, சீரகம், புளி, தயிர், வாழைப்பழம், வெற்றிலை, பாக்கு. உழக்கு, ஆழாக்கு, நாழி என்று அளவையும் உண்டு. மிளகும் புளியும் கரைத்து ஒரு சாறு வைத்துக் கொடுங்கள், காரசாரமாகவே சாப்பிடுவான்.

அதே கோயில் கல்வெட்டுகளில் தளிச்சேரிப் பெண்டுகள், அதாவது கோயிலில் ஆடிய பெண்கள், 400 பேரின் பெயர் இருக்கிறது. எந்த ஊர்த் தளியிலிருந்து (கோயிலிலிருந்து) வந்தவள், எந்தத் தெருவில் எத்தனையாவது வீடு என்பது வரை வெட்டியிருக்கிறது. ஒருத்திக்கு ஒரு வீடு, ஒரு பங்கு. பங்கு என்றால் வருஷத்துக்கு 100 கலம் நெல். அவர்களுக்குப் பின்னால் கணக்கர், தையற்காரர், குயவர், வண்ணார், நாவிதர் என்று சம்பளக்காரர் வரிசை நீள்கிறது. ஆயிரம் வருஷத்துக்கு முந்திய சம்பளப் பட்டியல் கதவிலக்கத்தோடு கிடைக்கிற ஊரில் பிறந்துவிட்டு, வாள் சண்டையைப் பற்றியே எழுதிக்கொண்டிருந்தால் எப்படி தம்பி? சொந்த ஊரை விட்டுத் தஞ்சாவூருக்குக் குடிவந்த அந்த நானூறு பேரில் ஒருத்தியைப் பற்றி எழுதுங்கள். வீரன் ஓரமாக நின்று சாப்பிட்டுக்கொண்டிருக்கட்டும்.

இன்னொன்று. "ஐந்து நிமிடத்தில் வந்துவிடுகிறேன் பிரபு" என்று யாராவது பேசினால் அடித்துவிடுங்கள். ஒரு நாளைக்கு 60 நாழிகை, ஒரு நாழிகைக்கு நம் கணக்கில் 24 நிமிடம்.

கேள்வி: சரித்திர நாவலில் எது உண்மை, எது கற்பனை என்று எப்படித் தெரிந்துகொள்வது? என் பேரன் 'பொன்னியின் செல்வன்' நந்தினியை நிஜ மனுஷி என்று பள்ளிக்கூடத்தில் வாதாடியிருக்கிறான்.
– ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர், திருச்சி

பதில்: நந்தினியும் பூங்குழலியும் கல்கி படைத்தவர்கள் என்று பேரனிடம் பக்குவமாகச் சொல்லுங்கள், பாவம். ஆனால் நாவலில் சதி செய்கிற ரவிதாசன் நிஜம். காட்டுமன்னார்கோயில் அனந்தீசுவரர் கோயிலில், உடையார்குடிக் கல்வெட்டு என்று சொல்வார்கள், ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டு ஆணை ஒன்று இருக்கிறது. ராஜராஜனின் அண்ணன் ஆதித்த கரிகாலனைக் கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் ஆகியோரின் பெயரைச் சொல்லி, அவர்கள் உறவுக்காரர்களின் நிலத்தைப் பறிமுதல் செய்து விற்கிற விவகாரம் அது.

அதாவது அது ஒரு நிலப் பத்திரம் போல. யாருடைய சொத்து, எங்கே போகிறது என்பதற்கு மேல் அதற்கு அக்கறை கிடையாது. ஏன் கொன்றார்கள், கொலை நடந்த ராத்திரி யார் எங்கே இருந்தார்கள் என்று அது பேசவே இல்லை. கல்கி அந்த இடத்தில்தான் புகுந்து விளையாடினார். யார் கொன்றது என்பதை அவரும் கடைசி வரை பட்டென்று போட்டு உடைக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். நாவலாசிரியர் எந்தப் பள்ளத்தை நிரப்புகிறார், கல்லில் இருப்பதை எங்கே அழிக்கிறார் என்று பாருங்கள். முதலாவதற்கு அவருக்கு முழு உரிமை உண்டு. இரண்டாவதைச் செய்தால் எனக்குக் கோபம் வரும்.

கேள்வி: ஆயிரம் பக்க நாவல் என்றாலே எனக்குக் காய்ச்சல் வருகிறது. 'காவல் கோட்டம்', 'அஞ்ஞாடி' இரண்டும் விடுதி அறையில் தலையணைக்குப் பக்கத்தில் தூங்குகின்றன. சின்னதாக, நல்லதாக ஏதாவது?
– கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை

பதில்: அசோகமித்திரனின் 'பதினெட்டாவது அட்சக்கோடு'. 1977-ல் வந்தது, ஒல்லியான புத்தகம். செகந்திராபாத்தில் ரயில்வே குடியிருப்பில் வளர்கிற சந்திரசேகரன் என்கிற பையனின் கதை. இந்தியாவுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது, ஹைதராபாத்தை ஆளும் நிஜாம் இந்தியாவோடு சேர மாட்டேன் என்கிறார், தெருவில் அவர் பக்கத்து ஆயுதப் படையான ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம் உள்ளே வருகிறது. இதெல்லாம் பெரிய வரலாறு. சந்திரசேகரனுக்கோ கிரிக்கெட் விளையாட வேண்டும், மாட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும், கல்லூரிக்குப் போக வேண்டும். வரலாறு அவன் சைக்கிள் போகிற வழியில் குறுக்கே வந்து நிற்கிறது, அவ்வளவுதான். கடைசிப் பக்கங்களில் அவன் ஒரு வீட்டுக்குள் நுழைகிறான். அங்கே நடப்பதை இங்கே எழுத மாட்டேன். படித்துவிட்டு உடனே தூங்கப் போகாதீர்கள்.

அதற்கப்புறம் ஹெப்சிபா ஜேசுதாசனின் 'புத்தம் வீடு', 1964. அதுவும் சின்னது. நாஞ்சில் நாட்டுப் பனைவிளை, நொடித்துப்போன வீடு, லிஸி என்கிற பெண், பனையேறியின் மகன். எழுதியபோது அது சரித்திர நாவல் இல்லை. அந்தப் பனையேற்ற வாழ்க்கை அநேகமாக மறைந்துவிட்டதால் இன்றைக்கு ஆகிவிட்டது.

தலையணைக்குப் பக்கத்தில் தூங்குகிற இரண்டில் 'அஞ்ஞாடி'யை எங்கள் ஊர்க்காரி என்கிற உரிமையோடு எழுப்பிவிடுகிறேன். பூமணி எழுதியது, எங்கள் கரிசக்காட்டைப் பற்றிய நாவல். 1895 கழுகுமலைக் கலவரம், 1899 சிவகாசிக் கலவரம் இரண்டும் உள்ளே வருகின்றன. ஆனால் ஆரம்பம் ஆண்டி, மாரி என்று இரண்டு பையன்கள். ஒருவன் சம்சாரி வீட்டுப் பிள்ளை, இன்னொருவன் வண்ணார் வீட்டுப் பிள்ளை. காட்டில் அலைகிறார்கள், எதையாவது பிடித்துச் சுட்டுத் தின்கிறார்கள், வாய் ஓயாமல் பேசுகிறார்கள். அந்தப் பகுதியை மட்டும் தனி நாவலாக நினைத்துப் படியுங்கள். பேச்சுவழக்கு முதலில் இடறும். உங்களுக்குப் பாளையங்கோட்டை என்பதால் சீக்கிரம் சரியாகிவிடும்.

கேள்வி: சாகித்ய அகாடமி விருது வாங்கிய நாவலை நம்பி வாங்கலாமா?
– வாசகர், விருத்தாசலம்

பதில்: பாதி நம்பலாம். அண்மை வருஷங்களில் வாங்கியவற்றைச் சொல்கிறேன். சோ. தர்மனின் 'சூல்' (2019) ஒரு கண்மாயின் கதை. மழைத்தண்ணீரை நம்பி இருக்கிற ஊர்க்காரர்களுக்கு அது துப்பறியும் கதை மாதிரி ஓடும், காவிரித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் பொறுமை வேண்டும். இமையத்தின் 'செல்லாத பணம்' (2020) ஜிப்மர் ஆஸ்பத்திரித் தீக்காயப் பிரிவின் வாசலில் காத்திருக்கிற ஒரு குடும்பம். நல்ல நாவல், ஆனால் மனசு சரியில்லாத நாளில் எடுக்காதீர்கள். மு. ராஜேந்திரனின் 'காலா பாணி' (2022), மருது சகோதரர்கள் 1801-ல் தூக்கிலிடப்பட்ட பிறகு சிவகங்கைச் சீமைக்காரர்களைக் கப்பலேற்றிப் பினாங்குக்கு நாடு கடத்திய கதை. ஆவணம் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், எனக்கு அது பிடிக்கும். தேவிபாரதியின் 'நீர்வழிப் படூஉம்' (2023) கொங்குப் பக்கத்துக் குடிநாவிதர் குடும்பத்தின் கதை. நாலில் இதைத்தான் முதலில் கையில் கொடுப்பேன்.

கேள்வி: என் தாத்தா தோட்டத்திலிருந்து ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போடப் போனவர். திரும்பி வந்தும் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. அவர் பேசாததைப் பேசுகிற நாவல் தமிழில் உண்டா?
– வாசகி, கிள்ளான், மலேசியா

பதில்: உண்டு அம்மா, உங்கள் நாட்டிலேயே எழுதியிருக்கிறார்கள். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்'. 1942-ல் தொடங்கி 1943 அக்டோபருக்குள் 415 கிலோமீட்டர் தண்டவாளத்தைக் காட்டை வெட்டி, மலையைக் குடைந்து, சயாமிலிருந்து பர்மாவுக்கு ஜப்பான் ராணுவம் போட வைத்தது. நோயிலும் பசியிலும் அடியிலும் மனிதர்கள் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். போர்க் கைதிகளாக இருந்த வெள்ளைக்காரர்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசை வரிசையாக இருக்கின்றன. தோட்டங்களிலிருந்து போன தமிழர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்த இரண்டு நாவலும் முக்கியம். 'நினைவுச் சின்ன'த்தை முதலில் படியுங்கள்.

பிறகு ப. சிங்காரத்தின் 'புயலிலே ஒரு தோணி'. ரயில் பாதை அதில் மையம் இல்லை, ஆனால் ஜப்பான்காரன் காலத்தின் வாசனை அதில் இருப்பது போல வேறெதிலும் எனக்குக் கிடைக்கவில்லை. சிங்காரம் சிங்கம்புணரிக்காரர். இளவயதில் சுமத்ராவில் மேடான் நகரத்துக்கு வட்டிக்கடை வேலைக்குப் போனவர். யுத்தத்தை அங்கேயே பார்த்தார். திரும்பி வந்து மதுரையில் பத்திரிகை அலுவலகத்தில் வேலை பார்த்துக்கொண்டு, தனியாளாக ஒரு விடுதி அறையில் காலத்தை ஓட்டினார். எழுதியது மொத்தம் இரண்டே நாவல். இந்த நாவல் கையெழுத்துப் பிரதியாகவே கிடந்து 1972-ல்தான் புத்தகமானது. கதாநாயகன் பாண்டியன் மேடானில் இருக்கிறான், பினாங்குக்குத் தோணியில் போகிறான், நேதாஜியின் படையில் சேருகிறான். எங்கே போனாலும் அவன் தலைக்குள் மதுரை வீதிகள் ஓடிக்கொண்டே இருக்கும். செட்டியார் கடைக் கணக்கு, சீன வியாபாரி, மலாய்ப் பேச்சு, சங்கப் பாட்டு, குடிபோதைப் புலம்பல் எல்லாம் ஒரே பத்தியில் வரும். கடலில் புயல் அடிக்கிற பகுதியை வாய்விட்டுப் படியுங்கள், வீட்டில் யாராவது கேட்கும்படி.

இன்றைய மலேசிய எழுத்தில் ம. நவீனின் 'பேய்ச்சி'யையும் பாருங்கள். 2019-ல் வந்தது, 2020 கடைசியில் உங்கள் அரசாங்கம் தடை போட்டது. ஆகையால் அங்கே தேடி அலையாதீர்கள், இந்தப் பக்கம் வருகிறவர் யாரிடமாவது சொல்லி வையுங்கள்.

கேள்வி: ஈழத்துப் போரைப் பற்றி ஒரே ஒரு நாவல் படிக்க நேரம் இருக்கிறது என்றால்?
– வாசகர், டொராண்டோ

பதில்: சயந்தனின் 'ஆதிரை'. மலையகத்திலிருந்து விரட்டப்பட்டு வன்னிக் காட்டோரத்தில் குடியேறியவர்களையும் சேர்த்துச் சொல்வதால். இன்னும் நேரம் கிடைத்தால் இந்திய ராணுவம் இருந்த காலத்துக்குத் தமிழ்நதியின் 'பார்த்தீனியம்'. ஷோபாசக்தியை நான் சொல்லித்தான் படிக்க வேண்டும் என்று இருக்க மாட்டீர்கள்.

கேள்வி: பழைய பெயர்களையே சொல்கிறீர்கள். இப்போது எழுத வந்த பிள்ளைகளை எப்படிக் கண்டுபிடிப்பது? புத்தகக் காட்சிக்குப் போனால் தலை சுற்றுகிறது.
– மருந்துக்கடைக்காரர், ஈரோடு

பதில்: நியாயமான கேள்வி. இளம் எழுத்தாளர்களுக்கு அகாடமி தருகிற யுவ புரஸ்கார் வரிசை ஒரு சௌகரியமான கைப்பிடி. 2021-ல் கார்த்திக் பாலசுப்ரமணியனின் 'நட்சத்திரவாசிகள்', ஐடி கம்பெனி வேலைக்காரர்களின் நாவல். 2023-ல் ராம் தங்கத்தின் 'திருக்கார்த்தியல்', 2024-ல் லோகேஷ் ரகுராமனின் 'விஷ்ணு வந்தார்', 2025-ல் லட்சுமிஹரின் 'கூத்தொன்று கூடிற்று'. கடைசி மூன்றும் சிறுகதைகள். கடையில் ஆள் இல்லாத மத்தியான நேரத்துக்குச் சிறுகதை தோது, 'திருக்கார்த்திய'லில் ஆரம்பியுங்கள்.

விருதெல்லாம் வேண்டாம், நானே தேடிக்கொள்கிறேன் என்றால் நான் செய்வதைச் சொல்கிறேன். அரங்கில் பின்னட்டையைப் படிக்க மாட்டேன். பின்னட்டை எழுதுகிறவர் அநேகமாக நண்பராக இருப்பார். நடுவில் ஒரு பக்கத்தைத் திறந்து, அங்கே யாராவது வேலை செய்கிறார்களா என்று பார்ப்பேன். நாற்று நடட்டும், கணக்கு எழுதட்டும், கணினி முன்னால் உட்கார்ந்திருக்கட்டும், அந்த வேலை அவர்கள் கைக்குப் பழகியதாகத் தெரிந்தால் பணம் கொடுத்துவிடுவேன். எல்லாரும் ஜன்னல் வழியே மழையைப் பார்த்துக்கொண்டிருந்தால் வைத்துவிட்டு அடுத்த அரங்குக்குப் போய்விடுவேன். ஆகஸ்டில் உங்கள் ஊரிலேயே திருவிழா நடக்கிறது, முயன்று பாருங்கள்.

கேள்வி: மாமனாருக்குப் 'பொன்னியின் செல்வன்' வாங்கித் தர வேண்டும். இருநூறு ரூபாய்க்கும் இருக்கிறது, இரண்டாயிரத்துக்கும் இருக்கிறது. எதை நம்புவது?
– இல்லத்தரசி, திண்டுக்கல்

பதில்: கல்கியின் எழுத்து 1999-ல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். மலிவாக இருப்பதில் சில சுருக்கப் பதிப்புகள். 'சுருக்கம்' என்பதை அட்டையில் பொடி எழுத்தில்தான் போட்டிருப்பார்கள். பொருளடக்கத்தைத் திருப்பி ஐந்தாம் பாகமான 'தியாக சிகர'த்தில் 91 அத்தியாயம் இருக்கிறதா என்று எண்ணுங்கள். ஐந்து பாகமும் சேர்த்து 293. குறைந்தால் வாங்காதீர்கள். உங்களுக்கே படிக்க ஆசை என்றால் மதுரைத் திட்டம் என்கிற இணைய நூலகத்தில் காசில்லாமல் முழுசாகக் கிடைக்கிறது.

மாமனாருக்கு ஐந்தும் தனித்தனிப் புத்தகமாக, எழுத்து பெரிதாக இருப்பதைப் பார்த்து வாங்குங்கள். ஒரே கட்டாக வருகிற கெட்டி அட்டைப் பதிப்பு அலமாரிக்கு அழகு. ஆனால் மத்தியானம் படுத்துக்கொண்டு படிக்கிறவர் என்றால் அதை நெஞ்சில் வைத்து மூச்சு விட முடியாது.